இரண்டரை லீற்றர்

காத்தான்குடியில்
பேரீச்சை நட்ட நடுத்திட்டு முடிகிற இடத்தில்
நிஸ்தாரின் கராஜ்.
வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன்.
ஜும்ஆ முடியும்வரை
பூட்டிய தகரக் கதவின் துண்டு நிழலில்
காரும் நானும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு விட்ஸ்.
செங்கலடி டொக்டர் ஓடி,
அவருடைய மருமகன் ஓடி,
மூன்றாவது கையாக எனக்கு.
மீற்றர் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் என்கிறது.
மீற்றரை நம்பலாம் என்று
விற்றவர்கூடச் சொல்லவில்லை.

கிழட்டுக் காருக்கு எதுக்கு சிந்தெட்டிக்,
சாதா ஒயில் போட்டு அடிக்கடி மாத்து
என்பது அண்ணன் தவகீதனின் கட்சி.
அவர் ஓடுவது மோட்டார் சைக்கிள்.

என் கட்சி ஒரு கொப்பியில் இருக்கிறது.
களுவாஞ்சிக்குடி கந்தோருக்குப் போக இருபத்தெட்டு,
வர இருபத்தெட்டு.
குருக்கள்மடத்தில் வீதியை மறித்து மாடுகள்.
மே மாதத்துப் போனட்டில் ரொட்டி சுடலாம்.
அந்தக் கொதியில் சாதா ஒயில்
மூவாயிரத்தில் தாராகிறது.
மற்றது எண்ணாயிரம் தாங்குகிறது.
வகுத்துப் பார்த்தேன்,
கிலோமீற்றருக்கு எண்பது சதம் மிச்சம்.
எண்பது சதத்துக்கு ஒரு டொபியும் வராது.
வருடக் கடைசியில் பத்தாயிரத்துச் சொச்சம் வருகிறது.

அன்று போனது எஞ்சினுக்காக அல்ல.
மூன்றாம் கியருக்கு ஏறும்போது
பின்சீற்றிலிருந்து யாரோ
முழங்காலால் இடிப்பதுபோல் ஓர் உதை.
ஆறு மாதமாக.
நாவற்குடா தாண்டியதும் வரும்.
வருமுன்பே என் தோள்
ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும்.

நிஸ்தார் வந்தார்.
தொப்பி கழற்றாமலே கம்பியை இழுத்து
பழைய கலண்டர் தாளில் ஒரு சொட்டு விட்டார்.
புதிதில் அது மாதுளை முத்து நிறம்.
இது ஆறிப்போன பிளேன்ரீ.
மோந்து பார்த்தார். என்னையும் மோக்கச் சொன்னார்.
தாளிக்கிற நேரம் போன் வந்தால்
சட்டியிலிருந்து எழும்புமே, அந்த மணம்.

"இத ஒருத்தரும் மாத்தவே இல்ல மிஸ்.
ஆயுசுக்கும் காணும் எண்டு சொல்லித்தான் விக்கிற."

"ஆருடைய ஆயுசுக்கு?"

சிரித்தார். பதில் வரவில்லை.

நான் கொண்டுபோன டின்னை வாங்கி
எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்து
திருப்பித் தந்தார்.
"இது வேற கியர்பொட்டிக்கு.
சிவப்பா இருந்தாப் போதாது."

சரி, முழுதாகக் கழுவி விடுங்கள் என்றேன்.
கைப்பையில் சீட்டுக் காசு இருந்தது.
அந்தத் துணிவு.

"செய்யேலா மிஸ்.
உள்ளுக்க பிளேட்டெல்லாம் தேஞ்சி
இந்த ஊத்தயிலதான் புடிச்சிட்டு நிக்கிது.
ஒரே நாள்ள கழுவினா
கார் இந்தக் கேற்றடியிலேயே படுத்திரும்.
தானா வடியிற இரண்டரை லீற்றர் மட்டும் எடுப்பம்.
அதே அளவு புதுசு.
நோன்புக்கு முந்தி ஒருக்கா,
பெருநாளுக்குப் பொறகு ஒருக்கா."

வடிய இருபது நிமிடம் எடுத்தது.
கடைசிச் சொட்டுகள் அவசரப்படவே இல்லை.
புதுப் போத்தல்கள் காலியானதும்
ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குத்து.
"இல்லாட்டி எவனாவது
இதுக்குள்ள கண்டதயும் ஊத்தி விப்பான்."
கறுப்பை ஒருவர் பெயின்ற் வாளியில் கொண்டுபோனார்.
வேலிக் கட்டைக்குக் கறையான் வராதாம்.

திங்கட்கிழமை உதை வந்தது.
செருப்பில்லாத காலால் உதைத்த மாதிரி.
நோன்புக்கு முந்தி, தட்டியது.

பெருநாள் கழிந்து மூன்றாம் தரமும் ஊற்றி
பக்கத்தில் யோகவதனியை ஏற்றிக்கொண்டு போகிறேன்.
நாவற்குடா.
கியர் எப்போது மாறியதென்று
காருக்கே தெரியாது.
என் தோள் மட்டும்
வழமைபோல ஒரு பக்கம் சாய்ந்து
வராத ஒன்றுக்கு இடம் கொடுத்தது.

என்ன, கழுத்துப் பிடிப்பா என்றாள்.

ஓம் என்றேன்.
சொல்லத் தொடங்கினால்
களுவாஞ்சிக்குடி வந்துவிடும்.